புல் வெட்டிய எஞ்சின் பறந்த கதை

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது டெக்னிக்கலா பேசு, ஆனா தூங்க வைக்காதே" என்பது செயலாளர் எனக்குப் போட்ட கட்டளை. ஆபீஸில் செய்கிற வேலையைப் பற்றிப் பேசினால் இரண்டாவது நிமிஷத்திலேயே நீங்கள் சாப்பாட்டுப் பந்தலைப் பார்ப்பீர்கள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவாஞ்சேரியில் என் வீட்டு ஷெட்டில் செய்த வேலையைப் பற்றிப் பேசுகிறேன். காயலான் கடையில் எடைக்கு வாங்கிய புல் வெட்டும் மெஷினின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை மாதிரி விமானத்துக்கு மாற்றிய கதை. அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அதைவிட அதிகமாக ஒரு தப்பு உண்டு. அந்தத் தப்பைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

கதை ஆரம்பித்தது இந்தக் கல்லூரியில்தான். மூன்றாம் வருஷம் படிக்கும்போது நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய மொபெட் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தோம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-க்குப் பிறகு, தமிழ்நாட்டில் டூ-ஸ்ட்ரோக் என்றாலே மொபெட்தானே ஞாபகத்துக்கு வரும்? ஐம்பது சி.சி. இருக்கிறது, ஒரு மூட்டை அரிசியோடு இரண்டு ஆளை இழுக்கிறது, ஒரு பொம்மை விமானத்தை இழுக்காதா என்பது எங்கள் கணக்கு. மெஸ் தராசில் வைத்துப் பார்த்தோம். கிளட்ச், ரிடக்ஷன், கனமான உறை எல்லாம் ஒரே வார்ப்பில் சேர்ந்த உடம்பு அது. பறப்பதற்கு அளவாகச் செய்ததல்ல. கார்புரேட்டரும் மிதவை வைத்தது, கவிழ்த்தால் பெட்ரோல் ஒழுகும். அந்தப் பக்கம் வந்த எங்கள் சார் ஒருவர் பார்த்துவிட்டு, "அடியில ரெண்டு சக்கரம் மாட்டுங்கப்பா, நல்லா ஓடும்" என்றார். அதோடு அந்த புராஜெக்ட் முடிந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கூடுவாஞ்சேரி நெல்லிக்குப்பம் ரோடு பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், தண்டு ஒடிந்த புல் வெட்டும் மெஷின் ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். வயலிலும் வரப்பிலும் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவார்களே, அதுதான். பழைய ஆசை எட்டிப் பார்த்தது. சிலிண்டர் உள்விட்டம் 40 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 34 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 42.7 சி.சி., கடையில் 43 என்பார்கள். தகட்டில் போட்டிருப்பது சுமார் ஒன்றேகால் கிலோவாட்.

மொபெட் எஞ்சினில் இல்லாத ஒரு குணம் இதில் உண்டு. வெட்டுகிறவர் மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் இதில் மிதவை கிடையாது, டயாஃப்ரம் கார்புரேட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க் உறைக்குள் அழுத்தம் கூடிக் குறையும். அந்தத் துடிப்பே ஒரு மெல்லிய சவ்வை அசைத்துப் பெட்ரோலை டாங்கிலிருந்து இழுத்துக்கொள்ளும். கீழே எண்ணெய்த் தொட்டி இல்லை, எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து போகிறது. வால்வு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. தலைகீழாகப் பறக்கிற விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டில் நடிகராக இருந்த ரெஜினால்ட் டென்னி என்ற ஆங்கிலேயர் 1930-களில் மாதிரி விமானக் கடை வைத்திருந்தார். அந்தப் பொழுதுபோக்கிலிருந்து பிறந்ததுதான் ரேடியோபிளேன் கம்பெனி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் பீரங்கி வீரர்கள் குறி பார்த்துச் சுடப் பழகுவதற்காக, இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வைத்த ஆளில்லா விமானங்களை அவர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். பின்னாளில் அதே மாதிரி இலக்கு விமானங்களுக்காகச் செய்த மெக்கல்லக் எஞ்சின்களை பென்சன் ஜைரோகாப்டரில் மாட்டி மனிதர்களே பறந்தார்கள். நம் பக்கத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த, பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்று அப்துல் கலாம் அவர்களே எழுதியிருக்கிறார். பழைய சாமான் பாடம் சொல்லிக் கொடுக்கும், கற்றுக்கொள்ள ஆள் இருந்தால்.

வேலைக்கு வருவோம். பழைய எஞ்சினை வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பிஸ்டன் தெரியும். அதில் நெடுக்குக் கீறல் இருந்தால் வேண்டாம். கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி உடம்பில் தொட வைத்துக் கயிற்றை இழுங்கள், நீல நிறத்தில் பொறி வர வேண்டும். என் எஞ்சின் மூன்றிலும் பாஸ்.

பிறகு கழற்றும் படலம். கிளட்ச், கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டர், பிளாஸ்டிக் மூடி, டாங்க், சைலன்சர் காப்பு, கைப்பிடி, ட்ரிக்கர் எல்லாம் வெளியே. நாலு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருந்தது இரண்டரையாக இறங்கியது. ஒவ்வொரு பாகம் கழன்றபோதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ நானே இளைத்த மாதிரி!

எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்த்துத்தான் புரொப்பெல்லர் வாங்க வேண்டும். 20 அங்குல விட்டம், 8 அங்குல பிட்ச், மரத்தால் ஆனது. அதைப் பிடிக்கும் ஹப்பை மறைமலை நகர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்தோம். பட்டறை அண்ணன் டயல் கேஜ் வைத்து, முகத்தில் ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் வரும்வரை விடவில்லை. "தம்பி, இது ஆட்டுக்கல் இல்ல, ஆடினா வீட்டை இடிச்சிடும்" என்றார். அந்த ஹப்பை, கிளட்ச் உட்கார்ந்திருந்த அதே ஃப்ளைவீல் போல்ட்டுகளில் மாட்டினோம். காந்தமும் காயிலும் கம்பெனி கொடுத்தபடியே இருந்தன.

இந்த வேலையில் எனக்குத் துணையாக ஒரு தம்பி இருந்தான். நம் கல்லூரி ஜூனியர், அப்போது கடைசி வருஷம். வீடு நந்திவரம் ஏரிப் பக்கம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே, "அண்ணா, டீ குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். என்னைவிடக் கை சுத்தம்.

முதல் ஓட்டம். மேஜையில் எஞ்சினைப் போல்ட் போட்டு இறுக்கினோம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். ரேடியோ இன்னும் மாட்டவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டி, சுமார் 4,000 ஆர்.பி.எம்.மில் நிற்கும்படி வைத்தோம். நிறுத்துவதற்கு எஞ்சினோடு வந்த பழைய ஒயர், அதன் முனையில் ஒரு ஸ்விட்ச்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஹாஸ்டல் வராந்தாவே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு நிமிஷம் ஓடியிருக்கும். மேஜை அதிர ஆரம்பித்தது. "நிறுத்திடலாம்" என்று ஸ்விட்சைப் போட்டேன். நிற்கவில்லை. மறுபடி போட்டேன். நிற்கவில்லை. அதிர்வில் ஒயர் சால்டர் போட்ட இடத்தில் ஒடிந்திருந்தது.

இங்கே ஒரு விஷயம். வீட்டு ஸ்விட்சை அணைத்தால் சுற்று துண்டாகும், விளக்கு அணையும். மேக்னெட்டோ எஞ்சினில் நேர்மாறு. நிறுத்தும் ஸ்விட்சைப் போட்டால் சுற்று இணைகிறது. காயிலின் முதல் சுற்றில் உண்டாகும் மின்சாரம் எஞ்சின் உடம்புக்கே திரும்பிவிடுகிறது, பொறி வருவதில்லை. அதாவது, அந்த எஞ்சினை நிறுத்த ஒயர் நன்றாக இருக்க வேண்டும். ஒயர் அறுந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டிப்ளமோ மாணவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த ஒயரைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வருவது வேறு.

நான் பெட்ரோல் டியூபை விரலால் நசுக்கினேன். கார்புரேட்டருக்குள் மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின் தொடர்ந்து ஓடியது. தம்பி எனக்கு எதிர்ப்பக்கம், புரொப்பெல்லர் பக்கமாக நின்றிருந்தான். சோக்கை மூடினால் நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். சரியான யோசனைதான். கையை நீட்டினான். இரண்டு இறக்கை வைத்த புரொப்பெல்லர் 4,000 ஆர்.பி.எம்.மில் ஒரே இடத்தை விநாடிக்கு 133 முறை கடக்கிறது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அதன் நுனி அப்போது மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வலது கை ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் தையல். விரல்கள் தப்பின. ஆனால் ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது, நுனியில் உணர்ச்சி குறைவு. அந்தச் செமஸ்டர் பரீட்சை எழுத அவன் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என்னைத் திட்டவே இல்லை. "விளையாட்டுச் சாமானுக்காகவா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் ஷெட்டைத் திறக்கவில்லை. எஞ்சினை மறுபடி அதே இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். தடுத்தது அந்தத் தம்பிதான். கட்டுப் பிரித்த கையோடு வந்து நின்று, "அண்ணா, ஏன் ஆச்சுன்னு எழுதிப் பாத்தீங்களா?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஒரு தாள், நடுவில் கோடு. இடப்பக்கம், நாம் கழற்றிய பாகம். வலப்பக்கம், அந்தப் பாகம் செய்துகொண்டிருந்த வேலை, அதை இனி யார் செய்வது. அந்தத் தாளை முடித்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கிளட்ச்சைப் பாருங்கள். எடை என்று நினைத்துக் கழற்றினேன். புல் வெட்டும் மெஷினில் ஓட்டுகிறவர் பிடியை விட்டால் வேகம் குறையும், சுமார் 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே கிளட்ச் விட்டுவிடும், பிளேடு இழுவை இல்லாமல் நிற்கும். எஞ்சின் ஓடினாலும் ஆளுக்கு ஆபத்து இல்லை. நமக்கோ எஞ்சின் ஓடினால் புரொப்பெல்லர் சுற்றும். 2,000 ஆர்.பி.எம். ஐடிலிங்கில்கூட நுனி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். ட்ரிக்கர் இன்னொரு காவல்காரன், கை நழுவினால் ஸ்பிரிங் தானே ஆக்ஸிலேட்டரை மூடும். அதைத்தான் நான் கட்டுக் கம்பி போட்டுக் கட்டினேன். பிளாஸ்டிக் மூடி கையை உள்ளே விடாமல் தடுத்தது. அதையும் கழற்றினேன். ஆக, அந்த மெஷினைச் செய்த முகம் தெரியாத எஞ்சினியர் நான்கு காவல் போட்டிருந்தார். மூன்றை நான் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த ஒரு பழைய ஒயரை நம்பி ஒரு பையனைப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒயர் அறுந்ததை விபத்து என்று சொல்லலாம். மற்ற மூன்றும் விபத்து இல்லை, என் கைவேலை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். முதலில் இக்னிஷன். ஃப்ளைவீலையும் மேக்னெட்டோவையும் எடுத்துவிட்டு பாட்டரியில் ஓடும் எலெக்ட்ரானிக் இக்னிஷன். புது ஹப்பை கிராங்க்கின் டேப்பரிலேயே நேராக உட்கார வைத்து, அதில் ஒரு சிறு காந்தம், எதிரில் ஹால் சென்சார். எடை இன்னும் குறைந்தது. புரொப்பெல்லரே ஃப்ளைவீல் வேலையைச் செய்துவிடும். பழைய மேக்னெட்டோவில் பொறி எப்போதும் ஒரே கோணத்தில்தான் வரும், கையால் சுற்றும்போது திருப்பி உதைக்கும். இதில் மெதுவாகச் சுற்றும்போது பொறி தாமதமாக வந்து, வேகம் கூடக்கூட முன்னால் நகரும். எல்லாவற்றையும்விட முக்கியம், இதில் ஒயர் அறுந்தால் எஞ்சின் நிற்கும். பழுது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானித்தோம்.

இரண்டாவது, ரேடியோ. இக்னிஷன் பாட்டரிக்கு ரிசீவர் வழியாக வேலை செய்யும் ஒரு தனி ஸ்விட்ச். சிக்னல் போனால் மின்சாரம் துண்டிக்கப்படும், ஆக்ஸிலேட்டரும் மூடும். மூன்றாவது, சோக்குக்கு ஒரு தனி சர்வோ, அதற்கும் தனி பாட்டரி. இக்னிஷன் ஏமாற்றினாலும் மூச்சை அடைத்து நிறுத்தலாம். கை எஞ்சின் பக்கமே போக வேண்டியதில்லை. நான்காவது, புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராகவோ முன்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ஸ்டார்ட் செய்ய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர், விமானத்தின் வாலைக் கம்பத்தில் கட்டி வைப்பது, ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் வந்துவிடுவது.

மற்ற பாகங்களுக்கும் அதே கேள்விதான். ஃப்ளைவீலில் இருந்த விசிறி சிலிண்டரைக் குளிர்வித்தது. இனி அந்த வேலை புரொப்பெல்லர் காற்றுக்கு. ஆனால் மூடிக்குள் காற்று நுழைந்தால் போதாது, சிலிண்டர் இறக்கைகளுக்கு நடுவே போக வேண்டும், அதற்குத் தகடு வைத்துத் திருப்ப வேண்டும். வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிசாக இருக்க வேண்டும். கிளட்ச் கிராங்க்கை முன்னால் இழுத்ததில்லை, புரொப்பெல்லர் இழுக்கும், ஆகையால் பேரிங்குகளைப் புதிதாக மாற்றினோம். மரப் புரொப்பெல்லர் நம் ஊர் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், ஒவ்வொரு முறையும் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், சாதாரண ரப்பர் டியூபையும் சவ்வையும் கெடுக்கும். பறந்து முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துவது நல்லது.

கார்புரேட்டர் ஊசியைத் தரையில் திருகும்போது, சத்தம் நன்றாக வருகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். ஆகாயத்தில் புரொப்பெல்லர் சுமை குறைந்து வேகம் கூடும், கலவை மெலியும், சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தரையில் கொஞ்சம் பெட்ரோல் தூக்கலாகவே இருக்கட்டும். எங்கள் எஞ்சின் 5,500 ஆர்.பி.எம்.மில் நின்றது. வாலில் ஸ்பிரிங் தராசைக் கட்டிப் பார்த்தோம், ஆறரை கிலோ இழுத்தது. விமானத்தின் எடை எட்டு கிலோ. போதும், ராக்கெட்டா விடப் போகிறோம்?

சட்டம் ஒன்றும் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். நம்முடையது ஸ்மால். கூடுவாஞ்சேரிக்கு வடக்கே தாம்பரம் விமானப் படைத் தளம், அதற்கும் அப்பால் மீனம்பாக்கம். வீட்டு மொட்டை மாடியிலிருந்து விட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம் எது என்று பார்த்து, மதுராந்தகத்துக்குத் தெற்கே ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தரிசு நிலத்தை, உடையவரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தோம்.

அன்று காலை தம்பியும் வந்திருந்தான், அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். தூரத்தில் வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வாலைக் கட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். தம்பி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முதல்ல நிறுத்தறேன்" என்றான். இக்னிஷன் ஸ்விட்ச், நின்றது. மறுபடி ஸ்டார்ட். சோக் சர்வோ, நின்றது. மறுபடி ஸ்டார்ட். ரிமோட்டையே அணைத்தான், நின்றது. மூன்று விதமாக நிறுத்திக் காட்டிய பிறகுதான் பறக்க அனுமதி கொடுத்தான். அது இன்றுவரை எங்கள் வழக்கம்.

விமானம் முப்பது நாற்பது மீட்டர் ஓடி எழும்பியது. ஆறு நிமிஷம் பறந்தது. இரண்டு வட்டம், ஒரு எட்டு, அவ்வளவுதான். இறங்கும்போது ஒரு சக்கரம் வளைந்தது. புல் வெட்டிக்கொண்டிருந்த எஞ்சின், இறங்கிய வேகத்தில் கொஞ்சம் புல்லையும் வெட்டியது, பழக்க தோஷம்! தம்பி, மடங்காத அந்த விரலால் ஸ்விட்சைத் தட்டி நிறுத்தினான். அவன் அம்மா எழுந்து வந்து, "நின்னுடுச்சா?" என்று கேட்டார்கள். பறந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

நண்பர்களே, இந்த அரங்கில் இருக்கிற எல்லோரும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். மெஷின், சாஃப்ட்வேர், பாலம், சிலர் கம்பெனியையே. "இது எதுக்கு, தேவையில்லாத எடை" என்று ஒன்றைக் கழற்றும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது, இனி அதை யார் செய்வது என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருந்தால் கழற்றாதீர்கள். ஜூனியர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஓட வைப்பது ஆசை, நிறுத்தத் தெரிவதுதான் தொழில்.

அந்தத் தம்பி இப்போது ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் எஞ்சினியர். இன்று இதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறான். பெயரைச் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு உங்கள் கைதட்டல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.